அத்தானும் ஃபிறீமேசன்களும்

ஸ்காபரோவில் எங்கள் அடுக்குமாடிக்கு முன்னால் இருந்த பஸ் தரிப்பிடத்தில், தை மாதக் காற்றுக்கு எல்லோரும் கண் மட்டும் தெரிய முகத்தைச் சுற்றிக்கொண்டு நிற்பார்கள். அத்தான் மட்டும் வெறும் முகத்தோடு நிற்பார். அக்கா வாங்கிக் கொடுத்த சாம்பல் நிறக் கம்பளி மஃப்ளர் அவருடைய கையில் மடித்தபடி இருக்கும், யாரிடமோ கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டிய பொருளைப் போல. மூக்கு நுனி முதலில் சிவக்கும், பிறகு வெளுக்கும், பிறகு தோல் உரியும். "சுத்துங்கோ அத்தான்" என்று நான் சொன்னால், "உது எனக்குச் சரிவராது" என்பார். தலைவழியாகப் போடுகிற சுவெற்றர் அவரிடம் ஒன்றுகூடக் கிடையாது. எல்லாமே முன்னால் பொத்தான் வைத்தவை. ஏன் என்று வீட்டில் நாங்கள் கேட்பதில்லை, தெரியும். ஊரில் ஒரு சுற்றிவளைப்பில் இராணுவம் அவரைப் பிடித்தபோது, அவர் போட்டிருந்த சேர்ட்டையே கழற்றி அதனால் கண்ணைக் கட்டித்தான் லொறியில் ஏற்றினார்கள்.

அக்காவின் கணவர் அவர். ஊரில் நில அளவையாளர். சங்கிலியும் கம்பமும் வரைபடமுமாக வெயிலில் நடந்த மனிதர். இங்கே ரெக்ஸ்டேலில் ஒரு தொழிற்சாலையில் இரும்புச் சாமான் பெட்டிகளை அடுக்கினார். அங்கே அவருடைய சுப்பவைசர், ஸ்கொட்லாந்தில் பிறந்த ஒரு வெள்ளைக்காரர், விரலில் ஒரு மோதிரம் போட்டிருந்தார். அதில் மூலைமட்டமும் கவராயமும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொறித்திருந்தன. அத்தானுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "நீங்களும் நில அளவையாளரோ?" என்று கேட்டிருக்கிறார். அந்த மனிதர் சிரித்துவிட்டு, இல்லை, நான் ஃபிறீமேசன் என்றாராம். நாங்கள் ஒருவரையும் வா என்று கூப்பிடுவதில்லை, விருப்பமுள்ளவன் தானே கேட்க வேண்டும் என்றும் சொன்னாராம். கொஞ்சக் காலம் அத்தான் அதையே யோசித்துக்கொண்டு திரிந்தார். பிறகு கேட்டார்.

நான் அப்போது பல்கலைக்கழகத்தில் முதலாம் வருடம். எதைத் தொட்டாலும் அடிவேர்வரை தோண்டாமல் நித்திரை வராது. "ஃபிறீமேசன் எண்டால் என்னடா தம்பி?" என்று அத்தான் கேட்ட மறுநாளே நூலகத்தில் இருந்தேன். ஐரோப்பாவில் கோயில்களும் கோட்டைகளும் கட்டிய கல்தச்சர்கள், தொழில் நுட்பம் வெளியே போகாமல் காக்க வைத்திருந்த சங்கங்களில்தான் இது தொடங்கியது என்கிறார்கள். நாளடைவில் கல்லைத் தொட்டே அறியாத கனவான்கள் உள்ளே வந்தார்கள். தச்சனின் ஆயுதங்கள் ஒழுக்கத்தின் அடையாளங்களாயின: நேர்மைக்கு மூலைமட்டம், ஆசைக்கு எல்லை போடக் கவராயம். கடவுளை நம்ப வேண்டும், எந்தக் கடவுள் என்று கேட்கமாட்டார்கள். சபைக்குள் மதமும் அரசியலும் பேசக்கூடாது. உள்ளே நடப்பதை வெளியே சொல்லேன் என்று சத்தியம் செய்ய வேண்டும்.

ஆங்கிலேயரின் கப்பல்களோடு அது அமெரிக்கக் குடியேற்றங்களுக்கும் போனது. போஸ்ரனிலும் பிலடெல்பியாவிலும் மதுக்கடை மேல்மாடிகளில் வியாபாரியும் வக்கீலும் அச்சுக்காரரும் ஒருவரை ஒருவர் சகோதரன் என்று அழைத்தார்கள். மன்னரின் ஆட்சிக்குள் இருந்துகொண்டே தங்கள் தலைவரை வாக்குப் போட்டுத் தெரிந்தெடுத்தார்கள். பட்டம் விட்டு மின்னலை ஆராய்ந்த அந்த அச்சுக்காரர் மேசன். முதலாவது ஜனாதிபதியும் மேசன். தலைநகரத்துச் சட்டசபைக் கட்டடத்துக்கு அடிக்கல் வைத்தபோது கல்தச்சன் வேலைக்கு முன்னால் கட்டுகிற ஏப்ரனை இடுப்பில் கட்டிக்கொண்டுதான் நின்றார். புரட்சியையே இவர்கள்தான் இரகசியமாகச் செய்தார்கள் என்று எழுதும் புத்தகங்களும் உண்டு. அவற்றை நம்பி முதலில் நான் துள்ளினேன். பிறகு பார்த்தால், சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்து வைத்தவர்களில் சிறு பகுதிதான் மேசன்கள். மன்னர் பக்கம் நின்று சண்டைபிடித்தவர்களிலும் மேசன்கள் இருந்தார்கள்.

இதையெல்லாம் இரவுச் சாப்பாட்டில் கொண்டுவந்து கொட்டுவேன். "அந்த முதல் ஜனாதிபதியும் உங்களைப்போலை நில அளவையாளர்தான் அத்தான்" என்றேன் ஒருநாள்.

"அப்ப பெட்டி அடுக்கி முடிய நானும் ஜனாதிபதியாகலாம்."

"முதல் உந்தக் குப்பையைக் கொண்டுபோய்ப் போட்டிட்டு வாங்கோ, ஜனாதிபதி" என்றாள் அக்கா.

ஆனால் அக்காவுக்கு இது பிடிக்கவில்லை. சத்தியம், இரகசியம், சகோதரர்கள். எங்கள் ஊரில் இந்தச் சொற்களைக் கேட்டுப் போன பிள்ளைகள் எத்தனை பேர் திரும்பி வரவில்லை என்று அவளுக்குத் தெரியும். சபையின் இரகசியங்களை அச்சிடப்போன ஒருவன் நியூயோர்க் மாநிலத்தில் கடத்தப்பட்டு, இந்த ஒன்ராறியோ ஏரிக்கு அக்கரையில் வைத்துக் காணாமல் போனான் என்றும், அதனால் மேசன்களுக்கு எதிராக அமெரிக்காவில் ஒரு அரசியல் கட்சியே எழும்பியது என்றும் நான் சொன்னபோது, அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"காணாமல் போனவனோ? ஆள் கிடைச்சதோ?"

"இல்லை. ஆனா அது பழைய கதையக்கா."

"காணாமல் போனதிலை பழசென்ன, புதுசென்ன?"

அத்தானுக்குப் பிடித்தது வேறொரு கதை. புரட்சிக்குச் சற்று முன், போஸ்ரனில் ஒரு கறுப்பின மனிதரும் அவருடைய தோழர்களும் சபையில் சேர விரும்பினார்கள். அந்த ஊர் வெள்ளையர் கதவைத் திறக்கவில்லை. நகரத்தைப் பிடித்து வைத்திருந்த மன்னரின் படையில் ஐரிஷ்காரர் நடத்திய ஒரு சபை இருந்தது; அதுதான் அவர்களைச் சேர்த்துக்கொண்டது. சில கிழமைகளில் யுத்தம் தொடங்கிவிட்டது. பின்னாளில் அந்தக் கறுப்பினத்தவர்கள் தங்களுக்கென்றே சபைகளை நிறுவினார்கள்.

"படைக்காரனோ சேர்த்தவன்?" அத்தான் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"ஓம் அத்தான். அவங்களே உள்ளை கூட்டிக்கொண்டுபோய், முதல்..."

நான் நிறுத்திக்கொண்டேன். அடுத்து வரவிருந்தது, சேர வருகிறவனை என்ன செய்வார்கள் என்பது. சேர வரும் ஒவ்வொருவனையும், அச்சுக்காரரையும் ஜனாதிபதியையும்கூட, உலோகம் எல்லாவற்றையும் கழற்றவைத்து, கழுத்தில் ஒரு கயிறு போட்டு, கண்ணைத் துணியால் கட்டித்தான் உள்ளே நடத்திப் போவார்கள். இருட்டிலிருந்து வெளிச்சத்துக்கு வருவது என்று அதற்கு அர்த்தம். அன்று பகல் அதை வாசித்ததும் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன்.

"உள்ளை நடக்கிறதைச் சொல்லிப்போடாதை" என்றார் அத்தான் சட்டென்று. "போய் அறியிறதுதான் முறையாம். சுப்பவைசர் சொன்னவர்."

அவருடைய முகத்தில் ஒரு பிள்ளையின் ஆர்வம் இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் எதையும் விரும்பிக் கேட்டு நான் கண்டதில்லை. சொன்னால் அந்த ஆர்வம் போய்விடும். சொல்லாவிட்டால், ஒரு அந்நியக் கட்டடத்துக்குள், பின்னாலிருந்து ஒரு துணி வரும். இரண்டு நாள் நான் வகுப்பில் இருந்தேனே தவிர ஒன்றும் காதில் விழவில்லை. பிறகு பேஸ்மென்ற்றில், உடுப்புத் தோய்க்கும் இயந்திரங்களின் சத்தத்துக்குள், அக்காவிடம் சொன்னேன். அவள் நனைந்த சேர்ட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து உலர்த்தியில் போட்டாள். "சரி" என்றாள்.

சேர விண்ணப்பித்தவனின் வீட்டுக்கு மூன்று பேர் வந்து விசாரிப்பது அவர்களுடைய வழக்கம். மனைவிக்குச் சம்மதமா என்றும் கேட்பார்கள். ஒரு ஞாயிறு பின்னேரம் மூன்று கோட்டுகள் எங்கள் சோபாவில் வரிசையாக இருந்தன. கடவுளை நம்புகிறீரா என்று கேட்டார்கள். அத்தான் சுவரிலிருந்த பிள்ளையார் படத்தைக் காட்டினார். ஏன் சேர விருப்பம் என்று கேட்டார்கள். "வேலையிடத்தில் என்னை எல்லோரும் நல்லவன் என்கிறார்கள். ஒருவரும் என் வீட்டுக்கு வந்ததில்லை" என்றார் ஆங்கிலத்தில். பிறகு மூவரில் மூத்தவர், வெள்ளை மீசைக்காரர், அக்காவின் பக்கம் திரும்பி, உங்களுக்கு ஏதாவது ஆட்சேபம் உண்டா என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"கேள்" என்றாள் அக்கா என்னிடம். "இவரின்ரை கண்ணைக் கட்டுவியளோ எண்டு கேள்."

அத்தான் என்னைத்தான் பார்த்தார். வேறு ஏதாவது சொல் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அக்காவும் என்னைத்தான் பார்த்தாள். நான் அவள் கேட்டதைக் கேட்டேன்.

மீசைக்காரரின் தேநீர்க் கோப்பை தட்டில் இறங்கும் சத்தம் கேட்டது. "உள்ளே நடப்பதை நான் சொல்ல முடியாது" என்றார் மெதுவாக. "அம்மா ஏன் கேட்கிறார்?"

பதில் அத்தானிடமிருந்து வந்தது. நிலத்தைப் பார்த்துக்கொண்டு, உடைந்த ஆங்கிலத்தில் சொன்னார்: இராணுவம். என் சேர்ட்டால். அவிழ்க்கச் சொல்லிக் கேட்டேன். தமிழில் கேட்டேன், சிங்களத்தில் கேட்டேன், ஆங்கிலத்திலும் கேட்டேன்.

எங்களுக்கே அவர் இவ்வளவு சொன்னதில்லை. மீசைக்காரர் தன் கோப்பையை ஓரமாகத் தள்ளி வைத்தார். பிறகு, இப்போதே விண்ணப்பத்தைத் திரும்ப எடுத்துவிடலாம், காரணம் எந்த இடத்திலும் பேசப்படாது என்றார்.

"இல்லை" என்றார் அத்தான். "நான்தான் கேட்டேன். நான் வருவேன்."

மூவரும் போய்க் கதவு மூடியதும் வீடு வெடித்தது. "உன்ரை லைப்ரறி முழுக்க இவளின்ரை காதிலை கொண்டுவந்து ஊத்தினியோ?"

"அவனை ஏன் பேசிறியள்? கேட்டது நான்."

"ஆர் உம்மைக் கேக்கச் சொன்னது?"

"ஆர் சொல்லவேணும்? நித்திரையிலை கத்திற நேரம் உங்கடை கையைப் பிடிக்கிறது ஆர், அந்த மூண்டு பேருமோ?"

அத்தான் பல்கனிக்குப் போய்க் குளிரில் நின்றார். திரும்பி வந்தபோது குரல் வேறாக இருந்தது. "ஒரு துணி எடுத்துக்கொண்டு வாரும்" என்றார். "கட்டும்."

அக்கா பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டு கிழித்தாள். முதல் தடவை முடிச்சுப் போட முன்னமே அவர் அதைப் பிய்த்தெறிந்துவிட்டுச் சுவரோடு சாய்ந்து மூச்சு வாங்கினார். "வேண்டாமப்பா, விடுங்கோ" என்று அக்கா அழுதாள். அவர் துணியைப் பொறுக்கி மறுபடி அவளிடம் நீட்டினார். அதற்குப் பிறகு வேலையால் வந்த ஒவ்வொரு பின்னேரமும் அதுதான். நான் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருப்பேன். அக்கா அவருடைய முழங்கையைப் பிடித்து நடத்துவாள். "இப்ப கதவு. இப்ப மேசை மூலை. இனிக் குசினி." அவருடைய நெற்றி வியர்வையில் துணி நனைந்திருக்கும். சில நாட்கள் குசினி அடுப்புவரை போவார்கள். சில நாட்கள் கதவோடு சரி.

இதற்கிடையில் சபையில் வாக்கெடுப்பு நடந்தது. ஒரு பெட்டிக்குள் வெள்ளை உருண்டையோ கறுப்பு உருண்டையோ போடுவார்கள். ஒரு கறுப்பு விழுந்தாலே ஆளை நிராகரித்துவிடலாம். ஒன்றுகூட விழவில்லை என்று சுப்பவைசர் தொலைபேசியில் சொன்னார்.

சேர்க்கும் சடங்கு நாள் பின்னேரம் சுப்பவைசரே தன் காரில் எங்களை ஏற்றிப் போனார். பழைய செங்கல் கட்டடம். சபை மேல்மாடியில், வெளியாட்களும் பெண்களும் கீழே இருக்கலாம். அத்தான் திரும்பிப் பார்க்காமல் படியேறினார். மாடி வாசலில் ஒரு கிழவர் உருவிய வாளோடு நின்றார்.

"டேய், வாள்!" அக்கா என் கையைப் பிடித்துவிட்டாள்.

"அது சடங்குக்கக்கா. வெளியாள் உள்ளை போகாமல் சும்மா நிக்கிறது."

"சும்மா நிக்கிறதுக்கு ஆரடா வாள் பிடிக்கிறது?"

மேலே கதவு மூடியது. மரச் சுத்தியல் தட்டும் சத்தம் கேட்டது. எனக்கு எல்லாம் தெரிந்திருந்ததுதான் வேதனை. இப்போது மோதிரத்தைக் கழற்றியிருப்பார்கள். இப்போது காற்சட்டையின் ஒரு காலைச் சுருட்டியிருப்பார்கள். இப்போது கயிறு. இப்போது துணி. அக்காவின் நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. மேலே ஒரு கதவைத் தட்டினார்கள். ஒரு குரல் ஏதோ கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. புத்தகத்தில் அப்படி ஒரு மௌனம் இருக்கவில்லை. நான் எழும்பிவிட்டேன்.

படிகளில் காலடி கேட்டது. அத்தான் இறங்கி வந்தார், ஒரு காற்சட்டைக் கால் இன்னும் சுருட்டியபடி. பின்னால் அவருடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு சுப்பவைசர். "அவர் ஒரு பிழையும் செய்யவில்லை" என்றார் என்னிடம். "இந்தக் கதவு அவருக்கு எப்போதும் திறந்திருக்கும்." காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். பஸ்ஸில் போகிறோம் என்றார் அத்தான்.

எனக்குக் கோபம்தான் வந்தது, ஒத்துக்கொள்கிறேன். அந்தப் பெரிய மனிதர்களின் வரிசையில் என் அத்தானையும் நிறுத்திப் பார்க்க நான் எவ்வளவு ஆசைப்பட்டிருந்தேன். இப்போது அந்தக் கோபம் இல்லை. அவர் பிறகு விண்ணப்பிக்கவேயில்லை; சுப்பவைசர் மாத்திரம் நத்தார்ப் பண்டிகைக்கு ஒருமுறை, பொங்கலுக்கு ஒருமுறை எங்கள் வீட்டில் வந்து சாப்பிடுகிறார். ஃபிறீமேசன் என்றால் என்ன என்று நண்பர்கள் கேட்டால் கல்தச்சரில் தொடங்கி ஜனாதிபதிவரை இப்போதும் ஒரே மூச்சில் சொல்வேன். அன்றைய பஸ் தரிப்பிடத்தைப் பற்றி இதுவரை ஒருவருக்கும் சொன்னதில்லை.

அன்று தரிப்பிடத்தில் பனி பெய்துகொண்டிருந்தது. அக்கா குனிந்து அவருடைய காற்சட்டையை இறக்கிவிட்டாள். "தாங்கேலாமல் போச்சோ?" என்று கேட்டாள்.

"இல்லை. தாங்கினன். நல்லாய்த்தான் நிண்டனான். கதவடியிலை வைச்சு, சொந்த விருப்பத்திலை வாறியோ எண்டு கேட்டாங்கள். ஓம் எண்டு சொல்ல வாயெடுத்தனான்." தோளில் விழுந்த பனியைத் தட்டிவிட்டார். "அப்ப ஒருக்காக் கேட்டுப் பாக்கவேணும் போலை இருந்தது. அவிழுங்கோ எண்டன்."

"பேந்து?"

"உடனை அவிட்டிட்டாங்கள். ஏன் எண்டுகூடக் கேக்கேல்லை."

"அப்ப திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கலாமே. இவ்வளவு நாளும் நான் கட்டிக் கட்டி..."

"சொல்லியிருக்கலாம். ஆனா எனக்குப் பிறகு உள்ளை போகவேண்டிய தேவை இருக்கேல்லை."

பஸ் வந்தது. ஏறி இருந்ததும் அக்கா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் பனி ஓடும் ஜன்னலைப் பார்த்தபடி, எங்கள் இருவருக்குமில்லாமல், இன்னொரு தடவை சொன்னார்: "ஒருக்காத்தான் கேட்டனான். உடனை அவிட்டிட்டாங்கள்."