கொங்கு நாட்டுக்கு ஒரே நிறம்

காலை பத்தே காலுக்கு, செய்தி சேகரிக்கப் போன துடியலூர் கணினி விளையாட்டு நிறுவனத்தில் நான் முதலில் பார்த்தது, திரையில் முழுப் பச்சையாகக் கிடந்த கொங்கு நாட்டை. மன்னர் காலப் போர் விளையாட்டு அது. மாகாணத்துக்கு ஒரு மதம், மதத்துக்கு ஒரு நிறம். மாறுபட்டவர்கள் மதவிரோதிகள், அவர்களை எரிக்க ஒரு பொத்தான். எரித்தால் நாட்டில் அமைதி கூடும்.

அதைச் சோதித்துப் பிழை சொல்வது ஒரு பெண்ணின் வேலை. முப்பது வயதிருக்கும். கழுத்தில் மெல்லிய சிலுவைச் சங்கிலி. பிழையைக் கண்டால் நகத்தால் மேசையை இருமுறை தட்டிவிட்டுத்தான் எழுதுவார். இந்தப் பொத்தானைப் பற்றிய அவருடைய புகாரை மேலாளர் மூன்றாம் முறையாக ‘பிழையல்ல’ என்று மூடியிருந்தார். பக்கத்தில் நின்ற அவரிடமே அந்தப் பெண் கேட்டார்:

“ஏனுங்க சார், எங்கூட்டுலயே ரெண்டு மதமுங்க. அப்பா சர்ச்சுக்குப் போறாரு, அம்மா மாரியம்மனுக்குத் தீச்சட்டி எடுக்கறாங்க. அம்மாவ எரிச்சுப்போட்டா ஊட்டுல அமைதி வந்துருமுங்களா?”

“அட, வெளாட்டுதானுங்க அம்மணி,” என்று மேலாளர் சிரித்தார்.

“தீச்சட்டி அன்னைக்கு அம்மா கால்ல தண்ணி ஊத்தறது எங்கப்பாதானுங்க. அதுக்கு எந்தப் பொத்தானுங்க வெச்சிருக்கீங்க?”

அத்தனை கோபத்திலும் அந்தப் பெண் மரியாதையில் ஒரு சொல் குறைக்கவில்லை.

அடுத்த மாதம் விளையாட்டு வெளியானது. எரிக்கும் பொத்தான் முன்பைவிடப் பெரிதாக இருந்தது.