முழுக்கை டி-சர்ட்

சில வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த நேரம். திருப்பூருக்கு வெளியே, பின்னல் இயந்திரங்களுக்கு அலுமினியப் பாகங்கள் வார்க்கும் சிறிய பட்டறை ஒன்றில் உலை வேலை பார்த்து வந்தேன். என் மனைவி பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

அன்று காலை அவள் ஒரு நீல டி-சர்ட்டை நீட்டினாள். ஏற்றுமதியில் மிஞ்சியது. என் பழைய பருத்திச் சட்டையின் கை கிழிந்திருந்தது அவளை உறுத்தியிருக்க வேண்டும்.

"முழுக்கைங்க. உலைகிட்ட நிக்கறப்போ கையில சூடு படாது. வேர்வையும் சீக்கிரம் காஞ்சிரும்," என்றாள்.

பட்டறையில் கூட வேலை செய்பவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஏனுங்ணா, உலைக்கு வந்தீங்களா, கிரிக்கெட் ஆட வந்தீங்களா?"

"ஊட்டுல ஸ்பான்சருங்க," என்றேன்.

பழைய அலுமினியத் துண்டுகளை உலை ஓரத்தில் வைத்து, ஈரம் போனபிறகே உள்ளே போடுவோம். உருகிய உலோகத்துக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் சிக்கினாலும், அது நொடியில் ஆவியாகி உலோகத்தை வெளியே வீசிவிடும். அன்று போட்டதில் ஒன்று, இரு முனையும் நசுங்கிய குழாய். வெளியே காய்ந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர் தங்கியிருந்ததை நாங்கள் கவனிக்கவில்லை.

பட்டென்று வெடித்தது. முகக் கவசமும் தோல் ஏப்ரனும் முகத்தையும் மார்பையும் காப்பாற்றின. துளிகள் என் கையிலும் கூட வேலை செய்பவர் கையிலும் தெறித்தன. அவருடைய பருத்திச் சட்டையில் ஓட்டை விழுந்து, கொப்புளத்தோடு போயிற்று. என்னுடையது பாலியஸ்டர். அது உருகித் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் அதைப் பிரித்தெடுத்தபோது மனைவி கதவுக்கு வெளியே நின்றிருந்தாள். என் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும்.

"துணியத் தொட்டுப் பாத்துப் பொழைக்கறவ நானு. தீப்பட்டா பாலி உருகும்னு எனக்குத் தெரியாதுங்களா?" என்று அன்று கேட்டாள். அப்புறம் அதைப் பற்றிப் பேசியதில்லை.

நூலில் கலப்பு இருக்கிறதா என்று நுனியில் தீ வைத்துப் பார்ப்பது இந்த ஊரில் வழக்கம். பருத்தி சாம்பலாகும், பாலியஸ்டர் உருண்டு மணியாகும். நானே பலமுறை பார்த்திருக்கிறேன். ஆனால் உலைக்குப் போட்டுப்போகும் சட்டையில் பார்க்க அவளுக்கும் எனக்கும் தோன்றவில்லை.

இப்போது பட்டறையில் தோல் கையுறையும் தருகிறார்கள். நான்தான் அங்கே இல்லை. இடது கையை முழுக்க நீட்ட முடிவதில்லை. தண்ணீர்தான் காரணம், சட்டை இல்லை என்று அவளிடம் எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "ஆமாங்க," என்பாள்.

எனக்குப் புதுச் சட்டை வந்தால், உள்தையலில் ஒரு நூலை உருவி அடுப்பில் காட்டுகிறாள். சாம்பலை விரலில் தேய்த்துப் பார்த்து, நம்பாமல் இன்னொரு நூலை உருவுகிறாள். அவளை வருத்தாமல் இனி ஒரு சட்டைகூட என்னால் வாங்க முடியாது என்பதுதான் அந்த நாள் எனக்கு விட்டுப்போனது.