மடியில் வைத்த வாளி

எழுபதுகளில் ஒரு ஜூன் மாதம், பல்கலைக்கழகத்தில் எம்.ஏ. சேர மெட்ராஸ் ரயிலுக்காகச் சேலம் ஜங்ஷனில் உட்கார்ந்திருந்தேன். மெட்ராஸிலிருந்து வந்த வண்டியில் இறங்கிய ஒருவர் என் பெஞ்சில் வந்து அமர்ந்தார். ஒல்லியான ஆள், வெளுத்துப்போன சட்டை. மடியில் ஒரு இரும்பு வாளி. லாரியில் பெயர் எழுதுவதுபோல நிழல் வைத்து, மஞ்சள் பெயிண்டில் அதில் ‘ரூம் 16’ என்று எழுதியிருந்தது. பேச்சுக்கு நடுவே அந்த எழுத்தை வேட்டி நுனியால் துடைத்துக்கொண்டே இருந்தார்.

நான் சேரப்போகும் இடத்தைச் சொன்னேன்.

“அங்கிருந்துதான் நானும் வாரேன். வேண்டாங்க தம்பி. வகுப்பு பூரா இங்கிலீசு. நாம வாயத் தெறந்தாச் சிரிக்கறாங்க. ஆஸ்டல்ல தண்ணி காலைல அரை மணி நேரந்தான்.”

“அப்ப ஊட்டுக்கே திரும்பிரட்டுங்களா?”

பதறிப்போனார். “ஏனுங்க, அந்த லைப்ரரிய உட்டுப்போட்டா? ஒரு நா உள்ள ஒக்காந்து பாருங்க, எந்திரிக்க மனசு வராது.”

என் ரயில் வந்தது. நான் ஏறியதும் வாளியை என் கையில் திணித்தார்.

“இது இல்லாம அங்க ஒரு நா தள்ள முடியாதுங்க.”

போகச் சொன்னாரா, வேண்டாம் என்றாரா? படிப்பை முடித்து வந்தாரா, பாதியில் விட்டு வந்தாரா? கேட்பதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

அவர் சொன்ன குறை எதுவும் பொய்யில்லை. லைப்ரரியும் பொய்யில்லை. இரண்டு வருடம் கழித்து ஊர் திரும்பியபோது, வாளியை சீட்டுக்கடியில் தள்ளச் சொன்னார் பக்கத்தில் இருந்தவர். ஏனோ முடியவில்லை. சேலம் வரும்வரை மடியிலேயே வைத்திருந்தேன்.