ஒரகடம் பஸ்ஸில் ஒரு மார்ஃபின் மாத்திரைச் சண்டை

மறப்பதற்குள் எழுதிவிடுகிறேன்! இன்று பஸ்ஸில் என் அம்மா ஒரு வாதத்தில் தோற்றுப்போனார்.

அம்மா நர்ஸ். அவரோடு வேலை செய்யும் செல்வி அக்கா திருநெல்வேலிக்காரர், போன வாரம்தான் வலி தணிப்புப் பயிற்சிக்குப் போய்வந்தார். டியூட்டி முடிந்து இருவரும் வர, பள்ளி விட்டு வந்த நான் நடுவில் உட்கார்ந்திருந்தேன்.

பேச்சு, அவர்கள் வார்டில் புற்றுநோயோடு படுத்திருக்கும் ஒரு லாரி டிரைவரைப் பற்றி.

"வலி வந்தா அவரே கேப்பாரு. சும்மா சும்மா மார்ஃபின் வலி மாத்திரை குடுத்து, பழக்கமாயிட்டா இன்னா பண்றது?" என்றார் அம்மா.

"கேக்க வெக்கப்பட்டுல்லாக்கா போர்வையக் கடிச்சிக்கிட்டு கெடக்காரு! டாக்டர் எழுதுன அளவ நேரத்துக்குக் குடுத்தா பழக்கத்துக்கு ஏன் பயப்படணும்? வலி ஏறுன பொறவு எறக்கதுதான் கஷ்டம்."

"நேத்து வந்தவ நீ, எனக்குச் சொல்றியா?"

"நான் சொல்ல வேண்டாம்க்கா. அந்தப் போர்வையப் போய்ப் பாருங்க, ஓரமெல்லாம் கிழிஞ்சிருக்கு."

வல்லக்கோட்டை தாண்டியதும் அம்மா போனை எடுத்தார். வார்டில் டியூட்டியில் இருந்த நர்ஸைக் கூப்பிட்டார்.

"அந்த டிரைவருக்கு மாத்திரை நேரத்துக்குப் போயிடணும். அவரு கேக்கட்டும்னு காத்துக்கினு இருக்காத."

நான் கைதட்டிவிட்டேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது, அம்மா முறைத்தார். பரவாயில்லை, இன்று ஒரு மனிதர் வலியில்லாமல் தூங்கக்கூடும்!

பிறந்ததிலிருந்து நான் அம்மாவை ஒரு வாதத்தில்கூட ஜெயித்ததில்லை. ஜெயித்தவர்கள் யாராவது இருந்தால் வழி சொல்லுங்கள். செல்வி அக்கா சொல்லித்தர மாட்டேன் என்கிறார், நாளைக்கும் அவருக்கு அம்மாவோடுதான் டியூட்டியாம்.