பதினாலாம் நம்பர் வீடு

யாருக்கு என்ன இல்லை என்று கேட்டு எழுதுவது என் தொழில். கொடுப்பது அதில் சேராது. ஏற்றத்தாழ்வைப் பற்றி ஒரு பல்கலைக்கழகத்துச் சமூகவியல் துறை நடத்தும் ஆய்வுக்கு வீடு வீடாகப் போகிற ஆள் நான். டேப்லெட்டும் சாக்பீஸுமாக அடுத்தவர் வாசலில் நின்றிருக்கிற என் இனத்தாரே, இதை உங்களிடம்தான் சொல்ல முடியும்.

ஏணிப் படம்

எங்கள் படிவத்தில் ஒரு ஏணிப் படம் உண்டு. பத்துப் படி. உச்சியில் பெரும் வசதிக்காரர், அடியில் ஒன்றுமில்லாதவர். "நீங்க எந்தப் படியில இருக்கீங்க?" என்று கேட்டுத் தொடச் சொல்ல வேண்டும்.

வீரகேரளம்புதூரில் ஒரு அண்ணாச்சி. தென்னந்தோப்பு, வயல், தென்காசியில் வாடகைக்கு விட்ட நாலு கடை, அமெரிக்காவில் மகன். எல்லாம் அவரே சொல்லி நான் குறித்ததுதான். ஏணியை நீட்டியதும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வெகுநேரம் யோசித்து, கீழிருந்து நாலாம் படியைத் தொட்டார். நான் ஏறிட்டுப் பார்த்துவிட்டேன் போலிருக்கிறது. "என்ன தம்பி பாக்க? மேல இருக்கவன்லாம் மெட்ராஸ்ல இருக்கான். நாங்க நடுத்தரத்துக்கும் கொஞ்சம் கீழதான்."

அதே ஏணி

பேச்சியக்கா ஐந்தருவியில் குளிக்க வரும் பெண்கள் உடை மாற்றும் அறையைக் கழுவிவிடுகிறவர். சீசனுக்கு மட்டும்தான் கூலி. குத்துக்கல்வலசைப் பக்கம் ஓடைப் புறம்போக்கில் தகரக் கூரை வீடு. பட்டா கிடையாது. என்றைக்கு வந்து இடிப்பார்களோ என்ற பயத்திலேயே பதினேழு வருஷம் ஓட்டியிருக்கிறார்.

ஏணியைக் காட்டினேன். ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எந்தப் படியையும் தொடவில்லை. "கீழ நின்னு ஏணியப் புடிச்சிக்கிட்டு இருக்கவள வரையவே இல்லையே தம்பி?"

சாக்பீஸ்

ஒரு சுற்றில் தகவல் எடுத்த வீட்டை அதே சுற்றில் மறுபடி எடுக்காமலிருக்க, உள்ளே போகுமுன் கதவோரம் சாக்பீஸால் ஒரு நம்பர் போடுவோம். எங்கள் வசதிக்காக, வேறொன்றுக்கும் இல்லை. அக்கா வீட்டுக்கு அன்று பதினாலு. பாதிக் கேள்வியில் அக்கா அதைக் காட்டி, "நம்பர் வந்துட்டுன்னா வீடு நம்ம பேருக்கு ஆயிரும்லா?" என்றார். ஆகாது என்று சொன்னால் எழுந்து போய்விடுவார். இன்னும் முப்பது கேள்வி பாக்கி. போதாததற்கு, பெரியவர்கள் கதை சொல்ல 'ம்' கொட்டியே வளர்ந்தவன் நான், மறுத்துப் பேச வராது. தலையை ஒரு தினுசாக ஆட்டிவைத்தேன்.

அடுத்த சுற்றுக்குப் போனபோது நல்ல சாரல். பதினாலு அழியவில்லை. நீலப் பெயிண்டில் தடித்து நின்றது, மேலே பாலிதீன் தாள் வேறு. ஐந்தருவி அறைக்கு அடித்ததில் மிச்சம், சூப்பர்வைசரிடம் கெஞ்சி வாங்கியதாம். அப்போதாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். அக்கா முந்திக்கொண்டார்: "பக்கத்து வீட்டுக்காரிய எல்லாம் கலெக்டர் ஆபீஸ்ல மனு குடுக்கப் போறாவ. எனக்கு எதுக்கு தம்பி? எனக்குத்தான் நம்பர் இருக்கே."

சிவப்புப் பெயிண்ட்

ஒரு காலையில் அக்காவிடமிருந்து போன். "தம்பி, ஜேசிபி வந்து நிக்கு. நீ வந்து சொல்லு." போனேன். அக்கா பதினாலின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றார். "இந்தா, நம்பர் போட்ட புள்ளையே வந்துட்டு சார்."

இடிக்க வந்த அதிகாரி கெட்டவர் இல்லை. என் அடையாள அட்டையை நிதானமாகப் படித்தார். "எங்க நம்பர் சிவப்புப் பெயிண்ட்ல இருக்கும்மா. இவரு காலேஜ் ஆளு. மனு குடுத்தவங்களுக்கு மாத்து இடம் எழுதியிருக்கு, அதுல உங்க பேரு இல்லையே" என்றார். அக்கா திட்டவில்லை, அழவும் இல்லை. என் முகத்தையே பார்த்தார். "அன்னிக்கு ஆட்டுன மாதிரி ஒருக்கா தலைய ஆட்டு தம்பி, சார் பாக்கட்டும்."

இடித்த வீட்டுக்கு எங்கள் படிவத்தில் கட்டம் கிடையாது என்பதால், பதினாலுக்கு நேராக 'குடிபெயர்ந்து சென்றுவிட்டார்' என்பதைத் தொட்டேன். 'நன்றி, தகவல் முழுமை' என்றது டேப்லெட், நானும் அதற்குத் தலையை ஆட்டினேன்.