மூலையில் நின்ற செம்பு

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவள் நான். அவர் சென்னையில் ஆராய்ச்சி மாணவர். கல்யாணம் முடிந்த கையோடு என்னைச் சங்கரன்கோவிலில் அவர் அம்மாவிடம் விட்டுவிட்டு ரயிலேறினார். வெயிலைக் கரண்டாக்கும் கண்ணாடித் தகடு செய்கிற வேலை. "ஒரு தகடு சரியா வந்துட்டா படிப்பு முடிஞ்சிரும். உன்னைக் கூட்டிட்டுப் போயிருவேன்" என்று சொல்லியிருந்தார். அந்த ஒரு தகடு வருவேனா என்றது.

தகட்டின் மேல் செம்பும் வாயில் நுழையாத இன்னும் இரண்டு பொருளும் ஒன்றாகச் சேர வேண்டும். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எங்கள் ஊர்ச் சாமி ஒரே உடம்பில் பாதி சிவன், பாதி பெருமாள். சேருவதென்றால் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன். ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும் கோயிலைச் சுற்றிச் சுற்றி வருவது இங்கே நேர்ச்சை. "சங்கரநாராயணா, அவர் தகட்டிலும் உன்னைப் போலவே ஆளுக்கொரு பக்கமாக ஒற்றுமையாக நிற்கட்டும்" என்று கால் வீங்கச் சுற்றினேன்.

தபசன்று காலையில் வந்தார். பஞ்சில் பொதிந்து ஒரு தகடு கொண்டுவந்திருந்தார். கருஞ்சாம்பல் நிறம். ஒரு மூலையில் மட்டும் நீலம் ஓடிய கறுப்பு.

"மூணையும் சூடாக்கி, ஆவியாக்கி, கண்ணாடியில படிய விடுதோம். செம்பு வச்ச கிண்ணத்துக்குப் பக்கத்து மூலையில செம்பு கூடிப்போயிருது. கூடினது சும்மா கெடக்குமா? தனியாப் போய் வேற பொருளாகித் திட்டுத்திட்டா நின்னுக்கிடுது. கரண்டு அது வழியா ஒழுகிப்போயிரும்."

"அப்போ ஆளுக்கொரு பக்கமா நிக்கக் கூடாதா?"

"கூடவே கூடாது. எங்க தொட்டாலும் ஒரே கலவையா இருக்கணும்."

எனக்கு முகம் செத்துவிட்டது. வேண்டிக்கொண்டதைச் சொன்னேன். புரையேறும்வரை சிரித்தார்.

"ஏட்டி, தனியா நிக்காதன்னு நான் அங்க செம்புகிட்டக் கெஞ்சுதேன். நீ இங்க நிக்கச் சொல்லி சாமியையே ஏவி விடுதியா?"

உள்ளிருந்து மாமியார், "ஏலே, அவளைப் பாத்து என்ன சிரிப்பு? சோறு தண்ணி இல்லாம சுத்துதா" என்றார்.

"இனி நான் என்ன செய்யட்டும்?"

"சுத்தத்தான் செய்யணும். நாங்களும் மோட்டார் வச்சுத் தகட்டைச் சுத்த விடப்போறோம். ஒரே மூலை செம்புக்குப் பக்கத்துல நிக்காதுல்லா. எல்லா மூலையும் வந்து வந்து போவும். சமமாப் படியும்."

சாயங்காலம் தபசுக் காட்சி. நினைத்தவரைக் காண அம்மன் ஒற்றைக்காலில் நின்ற நாள். அவர் தோளை ஒட்டி நின்று பார்த்தேன். மறுநாள் சென்னை ரயிலில் போய்விட்டார்.

கொடி இறங்கிய பின்னும் நான் சுற்றினேன். புதிதாக வேண்டிக்கொண்டேன். கோயில் மூலையில் திரும்பும்போதெல்லாம், இப்போது அங்கே தகடும் திரும்பும் என்று தோன்றும். அவர் கை அதன் பக்கத்தில் இருக்கும். அந்தத் தகட்டின் மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது.

அடுத்த ஆடியில் வந்தார். வாசலில் நின்றவரை வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பஞ்சைப் பிரித்து மூலையைத்தான் பார்த்தேன். நாலு மூலையும் ஒரே நிறம்.

"கண்ணுக்கு மட்டுமில்ல, மிஷின்லயும் வச்சுப் பாத்தாச்சு. பெட்டியைக் கட்டு" என்றார்.

சென்னையில் அவரோடு பல வருஷம் வாழ்ந்தேன். பிறகு அவர் காலமாகிவிட்டார். நான் ஊருக்கே திரும்பிவிட்டேன். தகடு சாமி படத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஆடி பிறந்தால் துடைத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பேன். அதே நிறம்தான். "பாத்தியாட்டி?" என்று கேட்கத்தான் அவர் இல்லை.