நாட்டுக் கார், சீமைக் கார்

எங்கள் பழைய காரை ஓட்டிய டிரைவர் ஒல்லியான, நெட்டையான மனிதர். வண்டியை எடுக்கும் முன் தோள்துண்டால் முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு, "போலாமா சாமி?" என்று வண்டியிடம்தான் கேட்பார், எங்களிடம் அல்ல.

எண்பதுகளில் புதுசாக ஒரு சின்னக் கார் வந்தது. அதை வாங்குவதென்று என் வீட்டுக்காரர் முடிவு செய்தார்.

"சீமைக் காரை நான் ஓட்டமாட்டேனுங்க. வேற ஆளைப் பாத்துக்குங்க" என்றார் டிரைவர்.

"அட, அதையும் நம்ம நாட்டுலதானப்பா செய்யறாங்க!"

"இஞ்சின் ஜப்பான்காரனுதுங்களே."

"உன்ற வண்டி மட்டும் என்னவாம்? அதுவும் மொதல்ல வெள்ளைக்காரன் செஞ்சதுதான்!"

டிரைவர் முகம் வாடிவிட்டது. நான் ஆண்கள் பேச்சில் வாய் திறக்காதவள். நிஜமாகவே தெரியாததால் கதவோரம் நின்றபடி கேட்டுவிட்டேன். "ஏனுங்க, நம்ம பண்ணையில இருக்கற வெள்ளைக்கோழி சீமை ஜாதி. ஆனா குஞ்சு பொரிச்சது நாமக்கல்லுல. அது நாட்டுக்கோழியா, சீமைக்கோழியா?"

வீட்டுக்காரர் சிரித்தார். டிரைவர் சிரிக்கவில்லை.

"எத்தனை தலைமுறை இங்க இருந்தா நாட்டு ஜாதியாகுமுங்கம்மா?" என்று என்னையே கேட்டார்.

பழைய காரைத் தம்மம்பட்டிக்காரர் ஒருவர் வாங்கினார். டிரைவர் அவரிடமே வேலைக்குச் சேர்ந்து, தானே அதை ஓட்டிக்கொண்டு கிளம்பினார். வாசலில் நின்ற என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கினார்.

"புது வண்டியைப் பதமா ஓட்டச் சொல்லுங்கம்மா. பாவம், ஊருக்குப் புதுசு."

வேண்டாமென்று வேலையையே விட்டவர், அதற்காக ஏன் பரிந்து பேசினார் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.